பஞ்சவர்ணம் அக்கா அழைத்த காயல்

மெல்லிய சத்தம்தான். ஈரத்துணியை யாரோ கல்லின் மேல் வைப்பதும் எடுப்பதும், வைப்பதும் எடுப்பதுமாக நம் பின்னாலேயே நடந்து வருவதுபோல, மூணாறு சாலையில் நேரியமங்கலம் பாலத்தைத் தாண்டி மலை ஏறத் தொடங்கிய வேனின் பின்பக்கத்திலிருந்து அது கேட்டது. இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. அந்த வேன் பழைய இரும்புக்குப் போய்விட்டது, அதை ஓட்டிய சவரிமுத்துவுக்குப் பேரன் பிறந்துவிட்டான், எனக்கு வலது காது மந்தமாகிவிட்டது. ஆனாலும் மழைக்கு முந்தைய மத்தியானங்களில் அந்தச் சத்தம் மட்டும் குறையாமல் கேட்கிறது. அன்றைக்கு டயரில் காற்று இறங்குகிறது என்றுதான் நினைத்தோம்.

சவரிமுத்து ஓர் அருவிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி இறங்கிப் போனான். டயர்களை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்துவிட்டு வந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். டயர் நன்றாக இருக்கிறது என்றும், வண்டிக்குப் பின்னால் காயல் நிற்கிறது என்றும் அப்புறம் சொன்னான். நேற்று நாம் படகில் போனோமே, அதே காயல்தான், ஆம்பல் இலையோடு நிற்கிறது, நாம் நின்றதால் அதுவும் நிற்கிறது என்றான்.

அது பொங்கல் கழிந்த அடுத்த வாரம். சிறுவயல்குடியிலிருந்து பத்தொன்பது பேர் ஏழு நாள் கேரள டூர் புறப்பட்டிருந்தோம். காயல், தேயிலை மலை, ஏலத்தோட்டம், காட்டு மிருகங்கள் என்று நோட்டீஸ் அடித்து ஆள் சேர்த்தவர் அழகர்சாமி. பதினெட்டு வருடம் சபரிமலைக்கு ஆள் கூட்டிப் போனவர் என்பதால் ஊருக்கு அவர் குருசாமி. மாலை போடாத மாதங்களில் டூர் நடத்துவார். வண்டி எங்கே நின்று எங்கே கிளம்பினாலும் அவர் இருக்கை இருக்கையாகத் தொட்டுத் தலை எண்ணுவார். மகரவிளக்குக் கூட்டத்தில்கூட ஓர் ஆளை விட்டுவிட்டு வந்ததில்லை என்பது அவருடைய பெருமை, அதுவே அவருடைய பயமும். அரிசி, பருப்பு, கேஸ் அடுப்பு, அண்டா எல்லாம் வேனின் கூரையில் வந்தன. சமையலுக்கு நல்லமுத்து வந்தார், ஏனென்றால் எங்கள் ஊர்க்காரர்கள் எந்தச் சொர்க்கத்துக்குப் போனாலும் எங்கள் ரசத்தைத்தான் குடிப்போம்.

எங்கள் ஊர் கமுதிக்குத் தெற்கே இருக்கிறது. தண்ணீர் லாரி எட்டு நாளைக்கு ஒரு முறை வரும். அது வரும் நாளைப் பார்த்துத்தான் கல்யாணத் தேதி குறிப்போம், அது வரும் நாளைப் பார்த்துத்தான் விருந்தாளிகளைக் கூப்பிடுவோம், பெரியவர்கள் யாராவது இழுத்துக்கொண்டு கிடந்தால் லாரி வருகிற வரைக்கும் தாங்கட்டும் என்று வேண்டிக்கொள்வோம். அப்படிப்பட்ட நாங்கள் அந்தக் காயலின் நடுவில் முதல் நாள் முழுக்கப் பேசவே இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். அதில் பாத்திரம் கழுவினார்கள், பல் தேய்த்தார்கள், வாத்து மேய்த்தார்கள், பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். எங்களில் பாதிப் பேருக்குக் கோபம் வந்தது. எங்கள் வார்டு மெம்பர் சுந்தரவல்லி, இவ்வளவையும் வைத்துக்கொண்டு இந்த ஜனங்கள் சிரிக்காமல் இருக்கிறார்களே என்று படகோட்டி தங்கச்சனிடமே சொன்னாள். தங்கச்சன் சிரித்தார். அவர் தமிழ்நாட்டு டூர்க்காரர்களிடம் பேசிப் பேசித் தமிழ் கற்றவர்.

மறுநாள் காலை படகிலிருந்து இறங்கும்போதுதான் பஞ்சவர்ணம் அக்கா அதைச் சொன்னது.

பஞ்சவர்ணம் அக்காவுக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. எங்கள் ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தைந்து வருடம் ஆபரேட்டராக இருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அல்லது எல்லோரும் கேட்டு ஓய்ந்திருந்தார்கள். யாரைப் பார்த்தாலும், "ஒரு நா வீட்டுக்கு வாங்க" என்று சொல்லாமல் அனுப்பாது. தபால்காரரிடம் சொல்லும். வளையல்காரியிடம் சொல்லும். முகம் பார்த்திராத விருதுநகர் ஆபரேட்டரிடமும் மதுரை ஆபரேட்டரிடமும் டிரங்க் காலை இணைத்துவிட்டு அந்த அரை நிமிடத்தில் சொல்லும். அதன் வீட்டில் மூன்று கூடை நாற்காலிகள் கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையோடு இருப்பதாகக் கேள்வி. கேள்விதான், ஏனென்றால் யாரும் போனதில்லை. எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குப் போக விசேஷம் வேண்டும். சடங்கு, வளைகாப்பு, காதுகுத்து, கருமாதி, ஏதாவது ஒன்று. கல்யாணம் ஆகாத ஒற்றைப் பெண்ணின் வீட்டில் என்ன விசேஷம் வரும். நான் கிளை நூலகத்தில் வேலை பார்த்தேன், அக்காவின் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. நானும் போனதில்லை.

அன்று காலை அக்கா தங்கச்சனிடம் அவசியம் ஊருக்கு வரும்படி சொன்னது. படகின் சமையல்காரரிடம் சொன்னது. அப்புறம் இறங்கும் பலகையின் பாதியில் நின்று, யாரையோ விட்டுவிட்டது போலத் திரும்பி, தண்ணீரைப் பார்த்து, "நீங்களும் ஒரு நா எங்க ஊருக்கு வாங்க" என்றது. எல்லோரும் சிரித்தோம். தங்கச்சன், "வராம் அக்கா, வராம்" என்றார். காயல் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகவே, அருவி ஓரத்தில் சவரிமுத்து சொன்னதைக் கேட்டதும் எல்லோரும் முதலில் திரும்பிப் பார்த்தது பின்கண்ணாடியை அல்ல, அக்காவைத்தான். அக்கா இறங்கிப் போனது. நாங்களும் போனோம். ஒரு கல்யாணப் பந்தியின் அகலத்துக்கு, தார்ச்சாலையின் மேலேயே, கரையில்லாமல், நுனி லேசாக அசைந்தபடி அது நின்றது. பெரிய மனுஷர்கள் பயணத்தில் ஒரே ஒரு கைப்பை எடுத்துக்கொண்டு வருவதைப்போல, அத்தனை பெரிய காயல் தன்னை மடித்துச் சுருக்கிக்கொண்டு, கொஞ்சம் ஆம்பல், கொஞ்சம் கரிமீன், ஒரு மிதக்கும் தென்னம்பாளை, இவற்றோடு மட்டும் வந்திருந்தது. மலை ஏறிக் களைத்துப்போய், குளிரில் நிறம் மங்கியிருந்தது. பாலத்தில் எப்படி வந்தது என்று நல்லமுத்து கேட்டார். பாலத்தின் அடியில் ஆற்றோடு ஆறாக இறங்கி, மறுகரையில் ஏறித் தன்னை உதறிக்கொண்டு வந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன், கண் அசதி என்று நினைத்துக்கொண்டேன் என்று சவரிமுத்து சொன்னான்.

"வாங்க" என்றது பஞ்சவர்ணம் அக்கா. வேறு என்ன சொல்வது என்று தெரியாமல், "சொல்லியிருந்தா மெதுவா ஓட்டச் சொல்லியிருப்பேனே" என்றது. அக்காவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. கூடவே ஒரு கலவரமும் இருந்தது, விருந்தாளி வந்த நேரத்தில் வீட்டில் ஒன்றும் இல்லாதவர்களின் கலவரம்.

குருசாமி தலை எண்ணினார். பத்தொன்பதுதான் வந்தது. ஆனால் பத்தொன்பது போதுமா என்று அவருக்குச் சந்தேகமாகிவிட்டது.

மூணாறு லாட்ஜில் மேனேஜர் வாசலில் தேங்கியதைப் பார்த்துவிட்டு, இது யாரோடு வந்தது என்று மட்டும் கேட்டார். அக்கா தன்னோடு வந்ததாகச் சொன்னது. ரிஜிஸ்டரில் அக்காவின் பெயருக்குக் கீழே ஒரு வரி எழுதினார், வயது என்ற இடத்தில் கோடு போட்டார், கொல்லைப்புறத்தில் துணிக்கொடிக்குக் கீழே இடம் காட்டினார். மறுநாள் விடியலில் காயலின் மேல் பாலாடை போல ஒன்று படர்ந்திருந்தது. அக்கா தன் போர்வையை எடுத்துவந்து தண்ணீரின் மேல் விரித்தது. அதைப் பார்த்துச் சுந்தரவல்லி, "அக்கா, காலையில அதுக்குச் சுக்குக் காப்பி போடச் சொல்லவா?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒருத்தி உள்ளே போய்த் தன் போர்வையைக் கொண்டு வந்தாள். அப்புறம் இன்னொருத்தி. வரையாடு பார்க்கப் புறப்படும் நேரத்துக்குள் பதினோரு போர்வைகளும் ஒரு காவி வேட்டியும் அதன் மேல் மிதந்தன.

ஆனால் பெண்கள் அதில் துணி துவைக்கப் போனபோது அக்கா விடவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் மேல் அழுக்குத் துணியை அலசுவீர்களா என்று கேட்டது. நல்லமுத்து கரிமீனைப் பார்த்து இரண்டு நாளாக மஞ்சள் பொடியும் மிளகும் கலந்து வைத்துக்கொண்டு சுற்றினார். அதற்கும் விடவில்லை. "வந்தவுங்க கையில என்ன கொண்டாந்திருக்காங்கன்னு பாக்குற வீடு இல்ல எங்க வீடு" என்றது. நல்லமுத்து அதற்குப் பிறகு மூன்று வேளையும் கத்தரிக்காயே வைத்தார்.

சுந்தரவல்லி மூணாறு பஸ் ஸ்டாண்டில் ஒரு எஸ்டிடி பூத்தில் நுழைந்ததிலிருந்து விஷயம் வேறாகிவிட்டது. அவள் கெட்டவள் இல்லை. வார்டு மெம்பரான நாளிலிருந்து விடிந்தால் அவள் வாசலில் காலிக் குடங்களோடு பெண்கள் நிற்பார்கள். அவர்களுக்குச் சொல்ல அவளிடம் எப்போதும் நாளை என்ற ஒரு பதில்தான் இருந்தது. முதல் தடவையாக அவளிடம் வேறு பதில் இருந்தது. காயல் எங்களோடு வருகிறது என்று அவள் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் நம்பினாரா என்று நான் கேட்டேன். எவ்வளவு ஆழம், உப்பா நல்ல தண்ணியா என்று மட்டும் கேட்டாராம்.

அடுத்த நாள் பேசியபோது ஊர் கூடிவிட்டிருந்தது. பதினாறு வருடம் கருவேலம் மண்டிக் கிடந்த ஊருணியில் ஜேசிபி இறங்கிவிட்டது. அதற்கடுத்த நாள் கரையில் வாழைமரம் கட்டிவிட்டார்கள். அதற்கடுத்த நாள், ஊருணியின் நான்கு படித்துறைகளில் எது எந்தத் தெருவுக்கு என்று சண்டை வந்து, இரண்டு பேருக்கு மண்டை உடைந்து, சமாதானமும் ஆகிவிட்டது. எல்லாச் செய்தியும் பூத்திலிருந்து வேனுக்கு வந்தது. வேனில் ஒவ்வொருவரும் தம் தெருவுக்காகப் பேசத் தொடங்கினார்கள். பஞ்சவர்ணம் அக்கா மட்டும் கடைசி இருக்கையில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, கண்ணாடி வழியாகக் காயலைப் பார்த்தபடியே வந்தது. ஊருணி விஷயத்தை யாரோ சொன்னபோது, "மொதல்ல எங்க வீட்டுக்குத்தான் வரும். ஒரு நா இருந்துட்டு அப்பறம் போகட்டும்" என்றது.

ஏல மலையில்தான் எனக்குப் பயம் பிடித்தது. ஒரு தோட்டத்தில் ஏலக்காயும் மிளகுக் கொடியும் கிராம்பு மரமும் காட்டினார்கள், எல்லோரும் இலைகளைக் கசக்கி முகர்ந்துகொண்டு போனோம், காயல் ஏலச் செடிகளுக்கு நடுவே தூர்களை நனைத்துக்கொண்டு வந்தது. நனைத்த இடத்தில் எல்லாம் கொஞ்சம் தங்கிவிட்டது. மலை மண் பசித்த மண். தோட்டத்தை விட்டு வெளியே வந்தபோது அது பந்தியின் அகலத்தில் இல்லை, ஒரு வேட்டியின் அகலத்தில்தான் இருந்தது. ஆம்பல் இலைகளின் ஓரம் தீயில் காட்டியதுபோல் கருகியிருந்தது. இரண்டு மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. எங்கள் ஊர் மண்ணை நினைத்துப் பார்த்தேன். தைக்குப் பிறகு அதில் விழும் பிளவுகளில் கைக்குழந்தையைப் படுக்க வைக்கலாம். இதை ஊருணியில் இறக்கினால் ஒரு பகல் தாங்குமா என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

ஆறாம் நாள் தேக்கடி. வன விலங்கு பார்க்கும் படகுக்கு வரிசையில் நின்றபோது காவலர் காயலைத் தடுத்தார். நாய், பூனை, பிளாஸ்டிக், ரேடியோ இவற்றுக்குத்தான் அனுமதி இல்லை என்று பலகையில் எழுதியிருந்தது, காயலைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆனால் ஏற்கெனவே ஓர் ஏரி இருக்கும் இடத்துக்கு இன்னொன்றை எப்படி விடுவது என்று அவர் யோசித்தார். அக்கா தான் வெளியே அதோடு இருப்பதாகச் சொல்லித் தன் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. நாங்கள் மட்டும் போனோம். கரையில் யானைகள் நின்றன. குட்டிகளோடு ஒன்பது. ஏரியை விட்டுவிட்டு, எங்களையும் விட்டுவிட்டு, எல்லாம் சேர்ந்து நுழைவாயில் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றன.

திரும்பி வந்தபோது மரத்தடியில் அக்கா உட்கார்ந்திருந்தது, ஒரு மிளா மான் தலையைக் குனிந்து காயலைக் குடித்துக்கொண்டிருந்தது. குடிக்கக் குடிக்க ஓரம் உள்வாங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. சுந்தரவல்லி ஓடிப்போய் மானை விரட்டினாள். ஊரில் எழுநூறு வீடு காத்துக்கொண்டிருக்கும்போது காட்டுக்கெல்லாம் பந்தி வைக்கிறாயா என்று அக்காவைப் பார்த்துக் கத்தினாள். கத்தும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா மான் விரட்டப்பட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் தங்கச்சன் வந்தார். குமுளி பஸ் ஸ்டாண்டிலிருந்து விசாரித்து விசாரித்து நடந்து வந்திருந்தார். முழங்கால் வரைக்கும் சேறு காய்ந்து வெடித்திருந்தது. கோபமாக வரவில்லை, காணாமல் போன மாட்டை இன்னொருவர் தொழுவத்தில் கண்டவரைப்போலக் கொஞ்சம் கூச்சத்தோடு நின்றார்.

"அக்கா, எங்க காயல் உங்ககூட வந்நிட்டுண்டு அல்லே?" என்றார்.

ஐந்து நாளாகப் படகுகள் எல்லாம் சேற்றில் சாய்ந்து கிடக்கின்றன என்று சொன்னார். வாத்துகள் நடந்து போகின்றன, அவற்றுக்கு நடக்கத் தெரியவில்லை. அந்தச் சேற்றில் இறங்கினால் இடுப்பு வரை புதைகிறது, வள்ளத்தைத் தள்ளினால் நகரவில்லை. தீவுகளில் இருப்பவர்கள் அப்படியப்படியே இருக்கிறார்கள். இவர் பலகைகளை மாற்றி மாற்றிப் போட்டு ஒரு பகல் முழுக்க நகர்ந்து கரைக்கு வந்திருக்கிறார். பலகையில் ஒருவர் வரலாம். வயிற்றுப் பிள்ளைக்காரியைக் கொண்டுவர முடியாது. அவருடைய மகள் லிஸிக்கு நாள் நெருங்கிவிட்டது, இன்னும் ஒரு வாரமோ பத்து நாளோ, முந்தைய மாதமே டாக்டர் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

அக்காதான் பேசியது.

"நான் கயித்தக் கட்டி இழுத்துட்டு வரல. கூப்பிட்டேன், வந்துச்சு" என்றது. தங்கச்சன் தலையாட்டினார். கூப்பிட்டது எனக்கும் தெரியும், நான் பக்கத்தில்தான் நின்றேன், என்னையும்தான் கூப்பிட்டீர்கள் என்றார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சாயங்காலம் குருசாமி என்னிடம் வந்தார். நாலு எழுத்துப் படித்தவள், நீ போய்ப் பேசு என்றார். வந்தவரைப் போகச் சொல்லும் பழக்கம் நமக்குக் கிடையாது, அதனால் காயலை யாரும் போகச் சொல்ல முடியாது, கூப்பிட்டவள் சொன்னால்தான் உண்டு என்றார். நாளைக் காலை செக்போஸ்ட்டைத் தாண்டினால் கம்பம், தேனி, அப்புறம் சமவெளி, வெயில். அது ஊர் போய்ச் சேராது என்று அவருக்கும் தெரிந்திருந்தது. போன் வழியாக வாழைமரம் கட்டிய ஊருக்கு அதை யார் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

லாட்ஜுக்குப் பின்னால் மிளகுக் கொடி படர்ந்த முள்முருங்கை மரங்களுக்கு நடுவில் அக்கா காயலில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அது அக்காவின் கெண்டைக்கால் வரைதான் இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, மண்ணைப் பற்றி, வெயிலைப் பற்றி, ஆவியாவதைப் பற்றி, புத்தகத்தில் படித்ததை எல்லாம் சொன்னேன். அக்கா முழுவதும் கேட்டது. முப்பத்தைந்து வருடம் அடுத்தவர் பேச்சைக் குறுக்கிடாமல் கேட்டுப் பழகிய காது.

"லைப்ரரியம்மா, நான் ஒண்ணு கேக்குறேன். நீங்க ஏன் ஒரு தடவகூட வரல?"

வேலை இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மாவுக்கு முடியவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இரண்டும் உண்மைதான். ஆனால் மழைக்காலத்து மாலைகளில் ஆள் வராத நூலகத்தில் ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்த நாட்கள் எத்தனை என்று எனக்குத் தெரியும். அக்காவின் தெரு வழியாகவே வீட்டுக்குப் போயிருக்கலாம், சுற்றித்தான் போவேன். அந்த வீட்டில் உட்கார்ந்தால் எழுந்து வர முடியாதோ, அந்தத் தனிமை துணியில் ஒட்டுவதுபோல் ஒட்டிக்கொள்ளுமோ என்று ஒரு பயம். எனக்கும் கல்யாணம் ஆகவில்லை.

"வரணும்னு தோணல அக்கா" என்றேன்.

அக்கா கொஞ்ச நேரம் தண்ணீரைக் காலால் அளைந்தது. "நெசத்தச் சொன்னீங்க" என்றது. அப்புறம், "இதுக்குத் தோணிச்சு பாத்தீங்களா. இவ்வளவு பெரிசு, மலை ஏறி வந்திருக்கு. ஒரு நா, ஒரே ஒரு நா, அந்தச் சேர்ல ஒக்கார வச்சுப் பாக்கணும்னு இருக்கு. அதுக்குள்ள செத்துப்போயிரும்ங்கிறீங்க." ஒரு மீன் அக்காவின் கால் விரலருகே வந்து நின்று, வாயைத் திறந்து மூடியது.

ஏழாம் நாள் காலை குமுளி செக்போஸ்ட்டுக்கு முன்னால் வேன் நின்றது. தங்கச்சன் அங்கே வந்து நின்றிருந்தார், கேட்க வந்தவராக இல்லை, பார்த்துவிட்டுப் போக வந்தவராக. வேனுக்குப் பின்னால் காயல் ஒரு புடவைக் கரையின் அகலத்தில் நின்றது. கடைசியாக ஒரு முறை பேச பூத்துக்குப் போயிருந்த சுந்தரவல்லி திரும்பி வந்து, ஊரில் மேளக்காரர்கள் வந்துவிட்டதாகச் சொன்னாள். சொல்லும்போது அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பஞ்சவர்ணம் அக்கா இறங்கியது. நேராகத் தங்கச்சனிடம் போய், மகளுக்கு இது தலைப்பிரசவமா என்று கேட்டது. அவர் ஆமாம் என்றார். கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டது. அம்மா இல்லாத பெண், தான் ஒருவன்தான் என்றார். ஒன்பதாம் மாதத்தில் உங்கள் பக்கம் வளையல் போடுவீர்களா என்று கேட்டது. எங்களில் அப்படி இல்லை, ஏழாம் மாதத்தில் பலகாரம் கொண்டு போவோம், அதற்கும் ஆள் வரவில்லை என்றார்.

அக்கா வேனுக்குத் திரும்பி வந்து தன் பையை எடுத்தது. நல்லமுத்துவிடம் மிச்சமிருந்த முறுக்கையும் அதிரசத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டது. மூணாறில் தனக்கென்று வாங்கியிருந்த ஒரு டஜன் கண்ணாடி வளையலைப் பொட்டலம் பிரித்துப் பார்த்துவிட்டு மேலே வைத்தது. சுந்தரவல்லி அதன் கையைப் பிடித்துக்கொண்டாள். போகாதே என்று சொல்லவில்லை, கையை விடவும் இல்லை. "நான் அந்தக் கொடங்களுக்கு என்ன சொல்வேன்?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். அக்கா அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது.

"நான் கூப்பிட்டுட்டேன் சுந்தரவல்லி, வந்துருச்சு. கொண்டுபோய் விட வேண்டியதும் நான்தானே" என்றது.

அப்புறம் காயலின் முன்னால் போய் நின்றது. போ என்று சொல்லவில்லை. "வாங்க, நானும் வர்றேன். ஒங்க வீட்டையும் பாத்த மாதிரி இருக்கும்" என்றது. திரும்பி நடந்தது. புடவைக் கரை அகலத் தண்ணீர் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்துவிட்டு, நுனியைத் திருப்பி, அக்காவின் செருப்பை நனைத்துக்கொண்டு பின்னால் போனது. தங்கச்சன் அக்காவின் பையை வாங்கிக்கொண்டார். கோட்டயம் சாலையில், லாரிகள் ஒதுங்கி வழிவிட, இறக்கத்தில் அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இறக்கம் என்பதால் அது கொஞ்சம் வேகமாகப் போனது, அக்காவும் வேகமாக நடந்தது. திருப்பத்தில் பார்த்தபோது அது சற்று அகலமாகியிருந்தது போல் எனக்குத் தோன்றியது.

குருசாமி தலை எண்ணினார். பதினெட்டு வந்தது. மறுபடி எண்ணினார். வேனிலிருந்து இறங்கி, வெளியே நின்று ஜன்னல் வழியாக எண்ணினார். சவரிமுத்து அவரைக் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தான்.

ஊர் எல்லையில் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். வேன் வந்ததும் எல்லோரும் அதன் பின்னால் பார்த்தார்கள். புழுதி மட்டும் வந்தது. மேளம் ஒரு அடி, இன்னொரு அடி என்று குறைந்து நின்றது. குருசாமியோடு ஊர் மூன்று வருடம் பேசவில்லை. அதற்கப்புறம் அவரிடம் மாலை போட ஆள் சேரவில்லை. சுந்தரவல்லி அடுத்த தேர்தலில் நிற்கவில்லை. சுத்தம் செய்த ஊருணியில் அந்த ஐப்பசியில் முழங்கால் அளவு மழைத்தண்ணீர் நின்றது, மார்கழிக்குள் மண் குடித்துவிட்டது.

தங்கச்சன் ஒரு முறை எனக்குக் கடிதம் எழுதினார், மலையாளத்தில். நூலகத்துக்கு வரும் ஒரு நர்ஸ் படித்துச் சொன்னாள். அவர்கள் கரைக்குப் போய்ச் சேர நான்கு நாள் ஆனது, தண்ணீர் நிரம்ப இன்னும் இரண்டு நாள், லிஸிக்கு வலி எடுத்தபோது படகு மிதந்தது. பெண் குழந்தை. அக்கா அங்கேயே இருக்கிறது, பக்கத்துத் தீவுகளிலிருந்து வள்ளத்தில் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், உட்கார இடமில்லை என்று எழுதியிருந்தார்.

பஞ்சவர்ணம் அக்கா இரண்டாயிரத்துப் பதினேழாம் வருடம் ஆனி மாதம், தன் எழுபத்தேழாவது வயதில், காயலின் நடுவே கைனகரித் தீவில் தங்கச்சனின் வீட்டில் காய்ச்சலில் இறந்தது.